அப்பா முகம் போட்ட புத்தகம்

முதலில் பார்த்தது திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில். பெஞ்சில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கழுத்துக்கு மேலே வேறொரு முகம் இருந்தது. சில வாரங்களுக்கு முன் இறந்துபோய், எங்கள் தெருச் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருந்த மீன் ஏலக்காரரின் முகம். அது இமைக்காமல் என்னையே பார்த்தது. ஆட்டோ வந்ததும் முகம் கீழே இறங்கியது. அவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அட்டை போட்ட புத்தகம்.

ராயபுரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் வாடகை நூலகத்தின் வழக்கம் அது. அதை நடத்தும் அக்காவின் தம்பி பக்கத்திலேயே அச்சகம் வைத்திருக்கிறார். ஒட்டியதுபோக மிஞ்சும் போஸ்டர்களைக் கேட்டு யாரும் திரும்பி வருவதில்லை. அக்கா அவற்றை அட்டையாக்கிவிடுவார். வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்தால் கடல் ஈரத்தில் ஊறும், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் அப்பும். அச்சடித்த பக்கம் வழவழப்பு, ஒரு துடைப்பில் போய்விடும். அதனால் முகங்கள் வெளியே. இறந்தவரின் பெயர் மடிப்புக்குள் போய்விடும். உள்ளே என்ன கதை என்பது திறந்தால்தான் தெரியும்.

அலமாரி முழுக்க இறந்தவர்கள் வரிசையாகப் பார்க்கும் அந்த அறையை நான் வெகுநாள் தவிர்த்தேன். அம்மாவுக்காகத்தான் போகவேண்டி வந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா இறந்தபிறகு, அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சுவரில் மாட்டிய படத்தின் கண்கள் அடுப்படிவரை கூடவே வருவதாகச் சொன்னார். படத்தைக் கழற்றி பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் தட்டில் போட்டதை முடித்தார். ஒருநாள் கதைப் புத்தகம் கேட்டார். நான் தெரியாத முகங்களாகத் தேடி எடுத்துவந்தேன். யாரோ ஒருவரின் சாவு அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

ஒரு மாலை அக்கா புதிதாக அட்டை போட்ட ஒன்றை நீட்டினார். அப்பா. வேலை அடையாள அட்டைக்கு எடுத்த, சிரிக்காத படம். பத்திரிகையில் பிழை பார்ப்பதே என் தொழில் என்பதால் அந்தப் போஸ்டரையும் நான்தான் திருத்தியிருந்தேன். வேறு அட்டை போட்டுத் தரக் கேட்டேன்.

"இன்னா நைனா, உங்கப்பன் மூஞ்சிய பாத்து நீயே பேஜாராவுற. எடுத்துகினு போ. உங்கம்மாவுக்குன்னே வெச்சது."

வீட்டுக்குப் போய் அட்டையை உரித்துவிடலாம் என்று வாங்கிக்கொண்டேன். உள்ளே பார்க்கவில்லை. அந்த முகத்துக்கு அடியில் சோகக்கதைதான் இருக்கும் என்று தோன்றியது.

பையை மேஜைமேல் வைத்ததும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேச மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது வாசலருகே நாற்காலியில் அம்மாவின் புடவை இருந்தது, அம்மாவின் கைகளும் வளையல்களும் இருந்தன. மேலே அப்பாவின் முகம். தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை. முகம் மட்டும் சிரிக்காமல், என்னைப் பார்த்தபடி, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

இத்தனை மாதம் தேற்றியதெல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மெல்லப் புத்தகத்தை இறக்கினேன்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு முட்ட, கண்ணில் நீர் வர. பெண் பார்க்கப் போன குடும்பம் வீடு மாறிப் போய், சாவு வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி கேட்கிற இடம் அது. புத்தகம் முழுக்க அப்படித்தான் என்று பிறகு புரட்டியபோது தெரிந்தது.

"இந்த மனுசன் ஆயுசுக்கும் ஒரு புக்க தொட்டதில்ல," என்றார். "நா படிச்சிகினு இருந்தா லைட்ட அணைப்பாரு. இப்ப பாரு, ஊரே இவர கைல வெச்சிகினு படிக்கப் போவுது."

அட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். அம்மா முந்தானையால் அப்பாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார். அன்று மறுசோறு போட்டுக்கொண்டார்.

படித்து முடித்ததும், அந்தப் புத்தகத்தை விலைக்கே வாங்கிவிடலாமா என்றேன். கேட்கிறவர்கள் இருப்பார்கள், திருப்பிக் கொடு என்றார்.

படம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் நான் நூலகம் போய்வரும் நாட்களில் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவிடுவதில்லை.

"இப்ப யார் வூட்ல கீறாரு?"

புத்தகம் யாரிடம் என்று அக்காவிடம் விசாரித்து வைத்திருப்பேன்; சொல்வேன். எம்.கே.பி. நகரில் ஒரு டீச்சரம்மா வீடு என்றபோது முகம் சுளித்தார். போன வாரம், கடலோரம் முகத்துவாரக்குப்பம் என்றேன்.

"அங்க காத்து நல்லா வரும்," என்றார்.