கடமானின் கழுத்து

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். மேசைக்கு வரும் தோலை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், ஆறிய புண் எல்லாம் பார்த்து, எத்தனையாவது தரம் என்று சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் இதே வேலை. வீட்டுக்கு வரும்போது கண் எரியும். யாராவது பேசினால் எரிந்து விழுவேன்.

என் மனைவி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். அவளுக்கும் அலுப்புதான், ஆனால் என்னைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள். பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லையில் இருக்கும் சரணாலயத்துக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். அன்று முழுக்கத் தோல் பேச்சே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

"ஒரு நாளாவது நீங்க என்கூட இருக்கணும்," என்றாள்.

கிளம்பினேன்.

காடு என்றால் பச்சைப்பசேல் என்று இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். எங்கே பார்த்தாலும் பாறை, முள். கூட வந்த வனக் காவலர், பாறை மேல் உட்கார்ந்திருந்த மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற குருவியைக் காட்டினார். தெற்கே இருக்கும் இந்த மாதிரிப் பாறைக் குன்றுகளை விட்டு வேறெங்கும் அது வாழாதாம். யானைச் சாணத்திலிருந்து ஒரு செடி முளைத்திருந்தது. மனைவி குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பார்த்தாள். நான் முட்டி வலியோடு பின்னால் நடந்தேன். எப்போது உட்காருவோம் என்றிருந்தது.

ஓடையோரம் தேங்கிய தண்ணீருக்கு எதிரே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்த பிறகு ஒரு ஆண் கடமான் தண்ணீருக்கு வந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாழாய்ப்போன கண், பழக்கப்படி முதுகுத்தண்டில் ஆரம்பித்து விலாவுக்கு இறங்கி, கழுத்தில் போய் நின்றது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து சிவந்திருந்தது.

"கழுத்துல புண்ணு. நாலாவது தரத்துலதான் போகும்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அது புண் இல்லை, இனச்சேர்க்கைக் காலத்தில் கடமானுக்கு அப்படி வருவது சகஜம், தானாகவே சரியாகிவிடும் என்று காவலர் கிசுகிசுத்தார். மனைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"அது இன்னும் உசுரோட இருக்குதுங்க," என்றாள்.

மறுபடி பார்க்க முயன்றேன். கண் திரும்பவும் முதுகுக்கே போனது. என் மேசைக்கு வரும் தோலுக்கு முகம் கிடையாது. வலுக்கட்டாயமாகப் பார்வையை நிமிர்த்தி அதன் முகத்தைப் பார்த்தேன். அது முன்பே எங்களைப் பார்த்துவிட்டிருந்தது. அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

முதலில் தலை குனிந்தது நான்தான்.