நெஞ்சு உயரத்து ஈரம்

துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் அந்த வீட்டைப் புதிதாக வாங்கிய அக்கா, வர்ணம் பூசத்தான் என்னைக் கூப்பிட்டார். அவரின் மகளும் பிறந்த குழந்தையும் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். பின்னறையில்தான் படுக்கை.

"சுவர் காய்ஞ்சிருக்கோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மேசன்."

ஈரம் பார்க்கும் மீற்றரைச் சுவரில் வைத்தேன். மேலே சத்தமில்லை. கையை இறக்கிக்கொண்டு வர, நெஞ்சு உயரத்தில் கத்தத் தொடங்கியது. அங்கிருந்து தரைவரை நிறுத்தவேயில்லை. மழை பெய்து ஒரு மாதமாகிறது. தண்ணீர்க் குழாய் இல்லாத அறை.

"இதென்ன, ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துது. பற்றரி சரியில்லையோ?"

"புதுசு அக்கா."

அது கத்தத் தொடங்கிய இடங்களை நான்கு சுவர்களிலும் பென்சிலால் குறித்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது, மட்டம் பிடித்து இழுத்ததுபோல் ஒரே கோடு அறையைச் சுற்றி வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.

கடல் ஊருக்குள் வந்த மார்கழிக்குப் பிறகு, இந்த அறைக்குச் சாந்து பூசியவன் நான். சேறு படிந்திருந்த உயரம் இதுதான். ஜன்னலோரம், அந்தச் சேற்றில் நான்கு விரல் தடங்கள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. யாருடையவை என்று அப்போதிருந்த வீட்டுக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உப்பைக் கழுவி, செங்கல் காயும்வரை மாதக்கணக்கில் விடவேண்டிய சுவர். அந்த விரல்களோடு அத்தனை நாள் நிற்க முடியாமல், காய்ந்துவிட்டது என்று சொல்லி, மறுநாளே சாந்தால் மூடினேன். உள்ளே நின்ற உப்பு கடற்காற்றின் ஈரத்தை இத்தனை வருடமும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எந்த மடையன் பூசினவனோ" என்று அக்கா சிரித்தார். "பெயின்ற் அடிச்சா மறையுந்தானே?"

கொஞ்சக் காலத்துக்கு மறையும். ஆனால் தொட்டில் அந்தச் சுவரோரம்தான் கிடந்தது.

"நான்தான் அக்கா பூசினனான்" என்றேன். "காயாமல் பூசினனான். பிள்ளையை இங்க படுக்க வைக்க ஏலாது. பூஞ்சணம் பிடிச்சு மூச்சிழுப்பு வரும். முன்னறையில வையுங்க. இதை நான் கொத்தி எடுக்கிறன்."

அக்காவின் சிரிப்பு நின்றது. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

ஜன்னலோரத்தில் உளியை வைத்தேன். முதல் துண்டு முழுதாகக் கழன்று என் கையில் விழுந்தது. திருப்பினேன். சாந்தின் உட்புறத்தில் நான்கு விரல்களும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. தொட்டுப் பார்த்தேன்.

காயவில்லை.