புகைக்குழாய்க்கு ஒரு போர்வை

வளைகுடா நாட்டில், ஃபஹாஹீலில் நாங்கள் இருந்த அந்தக் குளிர்காலத்தில், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகக் கோயம்புத்தூருக்குப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். பெட்டிக்குள் முதலில் போனது தோசைக்கல். அதனால் ஒரு வாரமாக எனக்கு ரொட்டியும் ஜாமும். என் கவலையெல்லாம் அதுதான்.

அப்பாவோடு அம்மா போட்ட சண்டைக்கு வெளியே சொல்லிக்கொண்ட காரணம் சமையலறைச் சிம்னி. அதன் தகரக் குழாய் பால்கனியில், கதவு நிலையை ஒட்டி ஓடும். குளிர் வந்தால் ஆவியெல்லாம் குழாய்க்குள்ளேயே தண்ணீராகி, எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி அடுப்பில் சொட்டும். அப்பாவுக்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், சூடு போகாதபடி குழாய்களுக்குப் பஞ்சு சுற்றி இன்சுலேஷன் போடும் வேலை. அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகூட டியூட்டி என்று போய்விடுவார்.

“கம்பெனிப் பைப்புக்கெல்லாம் பொழுதன்னிக்கும் போர்வை போத்தி உடறீங்க. ஊட்டுப் பைப்பு ரெண்டு வருசமா நடுங்குது, கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்றாள் அம்மா. எவ்வளவு கோபத்திலும் அந்த ‘ங்க’ மட்டும் போகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா டியூட்டிக்குப் போகவில்லை. கண்ணாடிப் பஞ்சுச் சுருளும் அலுமினியத் தகடும் வாங்கிவந்து, “அம்மிணி, கம்பியப் புடி” என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். ஏனோதானோவென்று வேலை செய்ய அவருக்குத் தெரியாது. ஆலையில் போலவே மூன்று சுற்றுப் பஞ்சு, கம்பி வலை, மேலே தகடு, மழை புகாதபடி மடிப்பு கீழ்ப்பக்கம். கடைசியில், புகை போகும் திசையைக் காட்டச் சிவப்பில் ஓர் அம்புக்குறி.

எல்லாம் முடிந்து பார்த்தால் பால்கனிக் கதவைச் சாத்த முடியவில்லை. பருத்துப்போன குழாய் நிலைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. குளிர்காற்று தாராளமாக வீட்டுக்குள் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. நானும் கம்பி பிடித்தவளாயிற்றே.

அம்மா வந்து கதவைப் பார்த்தாள், பஞ்சு அரித்துக் கையெல்லாம் சொறிந்துகொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தாள். “புகைக்கு வழி தெரியாதுன்னு அம்பு வேற போட்டீங்களாக்கு?” என்றவள், அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

அப்பா எல்லாவற்றையும் பிரித்து, இரண்டு சுற்றுக் குறைத்து மறுபடி கட்டினார். சாயங்காலம் கதவைச் சாத்த முடிந்தது. அம்மா பெட்டியைத் திறந்து தோசைக்கல்லை எடுத்துக் கழுவி, ரவையைக் கரைத்தாள்.

ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் ஐந்து தோசை தின்றேன். முதல் தோசையைப் பிட்ட அப்பா, வாயில் போடாமல் எழுந்துபோய், வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். பஞ்சு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவர் தட்டிலிருந்ததையும் எடுத்துத் தின்றுவிட்டேன்.