மாமியாருக்கும் எனக்கும் நடுவில் ஓர் அவரைக்கொடி

கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் என் மாமியாரை நான் முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கதவுக்குப் பின்னால் மறைகிற ஒரு குதிகால், ஒரு முந்தானை நுனி, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. மாப்பிள்ளை முன்னால் மாமியார் நிற்கமாட்டார், நேராகப் பேசமாட்டார். சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் ஆட்டுக்கல்லிடம் சொல்வார். மாப்பிள்ளையும் தன் பங்குக்கு ஒன்று செய்யவேண்டும். மாமியார் இருக்கும் இடத்துக்குள் நுழைவதற்கு முன் ஒரு இருமல் இருமவேண்டும். எனக்கு வேறு எந்தக் காரியமும் சுத்தமாக வராது. இருமல் மட்டும் நன்றாக வரும்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் மாமனார் காலமானார். தீர்த்தமலைப் பக்கம் அவர்கள் பாடுபட்ட காட்டைப் பங்காளிகள் உழ ஆரம்பித்தார்கள். என் மனைவி ஒரே மகள். வைகாசியில் வண்டி கட்டிக்கொண்டு போய் மாமியாரை எங்களோடு அழைத்துவந்தோம்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊர்த் தபாலாபீஸ் என் வீட்டு முன் அறையில்தான் நடந்தது. நான்தான் போஸ்ட்மாஸ்டர், நான்தான் முத்திரை குத்துகிறவன், கடுதாசி எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பவனும் நான்தான். அதனால் நாள் முழுக்க வீட்டிலேயே கிடப்பேன். முன் அறை, நடுக்கூடம், சமையலறை, பின்னால் கிணற்றோடு ஒரு புறக்கடை. தபால் கட்டு போனபிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போய் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

மாமியார் சமையலறை மூலையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். விடியுமுன் ஒரு தடவை வெளியே போய் வருவார். அதற்குப்பிறகு புளி கொட்டை எடுப்பது, பயறு பொறுக்குவது. அறுபது வருஷம் காட்டில் குனிந்து நிமிர்ந்த உடம்பு. இரண்டே மாதத்தில் முட்டி மடங்கியபடி நின்றுபோனது. பாதம் வீங்கியது. சாப்பாடு குறைந்தது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு டாக்டர் சைக்கிளில் வந்து பார்த்தார். சிவப்பாக ஒரு மருந்து கொடுத்தார்.

"மருந்தால ஆவறது கொஞ்சந்தான். நடக்க வையுங்க. இப்படியே மடங்கி உக்காந்திருந்தாங்கன்னா, அடுத்த வருஷம் நீங்கதான் தூக்கி உக்கார வைக்கணும்" என்றார்.

என் மனைவி அன்றே ஆரம்பித்தாள். "எந்திரிம்மா, கொஞ்சம் நட."

"எங்கடி நடக்கறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முன்னால தபாலாபீசு. நடுவுல மாப்பிள்ள. பின்னால போனா அங்கயும் மாப்பிள்ள."

இதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்மால் ஒரு பெரிய மனுஷி சங்கடப்படக்கூடாது என்று தீர்மானித்தேன். என்ன செய்தேன் தெரியுமா? முன்னைவிடச் சத்தமாக இருமினேன். முன்னைவிடச் சீக்கிரமாக, நடுக்கூடத்திலிருந்தே இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பின்னால் போனேன். எட்டணா மரியாதை கொடுத்தவன் பதினாறணாவும் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஆவணியில் ஒரு நாள் காலை. மகள் கெஞ்சினதற்காக மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்வாசல் தாண்டி, துணி துவைக்கிற கல் வரைக்கும் போயிருக்கிறார். வந்த மூன்று மாதத்தில் பகலில் அவர் போன அதிக தூரம் அதுதான். அந்த நேரம் பார்த்து நான் கூடத்தில் இருமினேன். மாமியார் பதறித் திரும்பி, உள்ளே ஓடி ஒளியப் பார்த்து, நிலைப்படியில் கால் தட்டி விழுந்தார்.

எலும்பு எதுவும் போகவில்லை. தாடையில் ஒரு வீக்கம், முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் அன்றோடு, "இனிமே என்னை எந்திரிக்கச் சொல்லாத" என்று சொல்லிவிட்டார். பாயை மூலையில் போட்டுப் படுத்துவிட்டார்.

என் மனைவி நேராக முன் அறைக்கு வந்தாள். கடுதாசி வாங்க வந்த நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உங்க மரியாதையத் தூக்கி ஒடப்புல போடுங்க. நீங்க இருமி இருமியே எங்கம்மாவ நொண்டியாக்கப் போறீங்க. இன்னொரு தரம் இருமுனீங்க, கஷாயம் வைக்கமாட்டேன், உங்க காடாத்துக்குதான் ஏற்பாடு பண்ணுவேன்" என்றாள்.

வந்திருந்தவர்களில் ஒருவருக்கு நிஜமாகவே இருமல். பாவம், அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நான் புறக்கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். ஆனால் நான் போகாமல் இருந்தும் அவர் எழவில்லை. மனைவி சமையல் செய்யும்போதே ஒரு காதை அம்மா படுத்திருக்கும் மூலையில் வைத்திருப்பாள். அம்மா மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லையென்றால் கரண்டியோடு ஓடுவாள்.

இந்த நிலைமையில்தான் ஓர் அவரைச் செடி முளைத்தது. யாரும் நடவில்லை. மாமியார் பொறுக்கும்போது சொத்தை என்று பின்வாசல் வழியாக வீசிய கொட்டைகளில் ஒன்று, பாத்திரம் கழுவின தண்ணீர் தேங்கும் இடத்தில் விழுந்து முளைத்திருந்தது. படுத்த இடத்திலிருந்து அவருக்கு அது தெரிந்தது.

"சொத்தைன்னு போட்டேன், என்னையே பாத்துக்கிட்டு நிக்குது பாரு. ஒரு கொம்பு நட்டா தேவல" என்று மகளிடம் சொன்னார்.

உத்தரவு என்னிடம் வந்தது. நான் ஒரு குச்சியை நட்டேன். மறுநாள் காலை அது செடியின் மேலேயே சாய்ந்து கிடந்தது. மறுபடி நட்டேன், இந்தத் தடவை வேரையே குத்தினேனாம். உள்ளேயிருந்து, "ஐயோ, ஐயோ" என்று சத்தம். தன் பாட்டுக்குப் படுத்திருந்த மனுஷி, நான் குச்சியைப் போட்டுவிட்டு அந்தப்பக்கம் போனதும், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வாசலைத் தாண்டி, மண்ணைக் கையால் அணைத்து, குச்சியை நேராக்கியிருக்கிறார். என் மனைவி அதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, "நீங்க இன்னும் ரெண்டு குச்சி கோணலா நடுங்க" என்றாள். எனக்கு என்ன, அது எப்பவும் வருகிற வேலைதானே.

ஒரு செடி ஐந்து செடியானது. கொடி படர இடம் வேண்டுமே. அப்போது என் மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள். கிணற்றுக்கும் பின்வாசலுக்கும் நடுவில், குறுக்கே ஒரு படல் கட்டச் சொன்னாள். குச்சிகளை வரிசையாக நட்டு, கத்தாழை நாரால் கட்டின ஒரு தட்டி. அதன்மேல் அவரையை ஏற்றிவிட்டோம். புரட்டாசி முடிவதற்குள் இலை அடர்ந்து பச்சைச் சுவராகிவிட்டது. அந்தப்பக்கம் மாமியார், இந்தப்பக்கம் கிணற்றுமேட்டில் நான். மரியாதைக்கும் குறைவில்லை, யாரும் ஓடவேண்டியதுமில்லை.

முதலில் அந்தப்பக்கம் உட்கார்ந்து நகரும் சத்தம்தான் கேட்டது. அப்புறம் படல் குச்சியைப் பிடித்து எழும் சத்தம். குச்சி கிறீச்சென்றால் மாமியார் எழுகிறார் என்று அர்த்தம். பேப்பரை வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். ஐப்பசியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் நாலு எட்டு, பிறகு படலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கார்த்திகையில் கோழியைத் துரத்திக்கொண்டு போனார். துரத்தினார் என்றால் நிஜமாகவே துரத்தினார்.

அவரைச் செடிக்கு வயசானவர்களிடம் மரியாதை தெரியாது. எங்களை மாதிரி, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம் என்று அது சொல்லவில்லை. தண்ணீர் கேட்டது. பேன் பிடித்தால் சாம்பல் தூவச் சொன்னது. நாளைக்குக் காலையிலும் வா என்றது. அந்த மாதிரி மாமியாரைக் கூப்பிட எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

பேச்சும் வந்தது. என்னிடம் இல்லை, கொடியிடம்.

"பாத்தியா, ஒருத்தர் ஊத்தி ஊத்திக் குளிக்கிறாங்க, அம்புட்டுத் தண்ணியும் கல்லு மேல வீணாப் போவுது. ஒரு கோடு கிழிச்சு இந்தப் பக்கம் திருப்புனா கை தேஞ்சா பூடும்?"

நான் மண்வெட்டி எடுத்துக் கோடு கிழித்தேன். தண்ணீர் சமையலறைக்குள் போனது.

"நல்ல வேலக்காரங்க" என்று அந்தக் கொடியிடமே மறுபடியும் சொன்னார்.

மார்கழியில் டாக்டர் மறுபடி வந்தார். "நோயாளி எங்கே?" என்றார். பாயில் ஆளில்லை. தெருவில் சாணி பொறுக்கப் போயிருக்கிறார் என்று சொன்னோம். அவர் மூலையில் இருந்த சிவப்பு மருந்து சீசாவைக் கைகாட்டி, "அப்படி வாங்க, நல்லா வேல செஞ்சிருக்கு" என்றார். சீசாவைத் திறக்கவே இல்லை. நாங்கள் சொல்லவில்லை.

மாசி பிறந்தது. அவரைக்கு வயசாகிவிட்டது. இலை பழுத்தது, உதிர்ந்தது. படலில் இங்கொரு ஓட்டை, அங்கொரு ஓட்டை. ஓர் ஓட்டையில் புடவை நிறம் தெரிந்தது. மாமியார் அந்த இடத்தை விட்டு ஒதுங்கி ஒதுங்கி, வாசல் ஓரமாகவே நிற்க ஆரம்பித்தார்.

"ஏங்க, செடி போச்சுன்னா அம்மா உள்ள போயிடுவாங்க. மறுபடி அந்தப் பாயி" என்றாள் என் மனைவி. அவளுடைய காது மறுபடி மூலைக்குப் போய்விட்டது.

நான் தினம் இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தேன். காய்கிற கொடியைத் தண்ணீர் என்ன செய்யும்? வேர் அழுகியதுதான் மிச்சம். கடைசியில் பழைய சாக்குகளைப் பிரித்து, ஒரு விடிகாலையில் படல் முழுக்கத் தொங்கவிட்டேன். நல்ல அடைப்பு. என்னைப்போல் புத்திசாலி உண்டா என்று வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். இடுப்பில் துண்டு மட்டும்.

சாக்கு படபடவென்று அசைந்தது. பிறகு கீழே விழுந்தது.

"எவன்டா இதக் கொண்டாந்து மாட்டுனது? கத்திரி நாத்து வுட்டிருக்கறன், வெயிலு வேணாமா அதுக்கு?"

படலைச் சுற்றிக்கொண்டு மாமியார் இந்தப்பக்கமே வந்துவிட்டார், இன்னொரு சாக்கைப் பிடுங்க. நேருக்கு நேர் நின்றோம். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். என் மனைவியின் மூக்கு. கோபத்தில் மூச்சு வாங்கியது. எனக்கு ஓட இடமில்லை, பின்னால் கிணறு. அவர் ஓடலாம், பின்வாசல் பத்தடியில் இருந்தது. ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்றைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா?" என்றார். முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டார். ஆனால் நகரவில்லை. "சரி, சும்மாத்தான நிக்கறீங்க. இந்தக் காஞ்ச கொடிய எல்லாம் புடிச்சு இழுங்க. இனிமே அது எதுக்கு?"

"சரிங்கத்தை" என்றேன். இருபது வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. வாயில் வேப்பங்குச்சி இருந்ததால் அதுவும் சரியாக வரவில்லை.

இழுத்தேன். படலும் சேர்ந்து வந்தது.

"வேரப் புடிங்க, மாப்பிள்ள, வேர! நுனியப் புடிச்சா எப்படி வரும்?"

பத்து மணிவரை இருவரும் இழுத்தோம். அவர் நாலு செடி பிடுங்கினார், நான் ஒன்று. புறக்கடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெட்டவெளியானது. அந்த வெளியில் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கத்திரிக்கு எங்கே பாத்தி என்று காலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிட்டபிறகு என் மனைவி கூடத்தில் தலையைச் சாய்த்தாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை வெகுநேரம் நின்றுபோனது. எனக்குத்தான் திக்கென்றது. அவள் கண் திறக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அசையாமல் தூங்கினாள்.