சல்லடை என்று கத்தியவள்

ஆர்டிஸ் கிவெலா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. நான் வெர்னா, அதே பள்ளியில் பஸ் ஓட்டுகிறவள். எங்கள் ஊர்க் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைக்கூட நாங்கள் இருபத்தாறு வருஷமாக விட்டதில்லை. வடக்கு மின்னசோட்டாவில் ஆறு மாதம் பனி. வேறென்ன செய்வதாம்?

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நம் பையன்கள் கோல் போட்டதும் எல்லாரும் எழுந்து, எதிரணிக் கோல்கீப்பரை நோக்கி விரலை நீட்டி, "சல்லடை! சல்லடை! தப்பு பூரா உன்னோடதுதான்!" என்று கத்துவோம். சல்லடை மாதிரி வருவதையெல்லாம் உள்ளே விடுகிறவன் என்று கேலி. முதலில் எழுகிறவள் ஆர்டிஸ்தான். கல்லூரிப் பிள்ளைகளே அவளைப் பார்த்துத்தான் எழுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பிள்ளை குட்டி இல்லாதவள். எங்கள் ஊர் ஜூனியர் அணிக்குக் கோல்கீப்பராக அலாஸ்காவிலிருந்து கோல்பி வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. அவனைத் தன் மாடி அறையில் தங்கவைத்துக்கொண்டாள். இரண்டு குளிர்காலம் அவன் காலுறையைத் துவைத்து, காட்டரிசி சூப் வைத்துக் கொடுத்தாள். பிறகு அவன் வேறு மாநிலக் கல்லூரிக்கு ஆடப் போனான். அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அப்பப்பா!

போன மார்ச்சில் வந்தது வினை. சாம்பியன்ஷிப்பில் கடைசி நான்கு அணிகளுக்குள் நுழைகிற ஆட்டம். எங்கள் கல்லூரியும் அவன் கல்லூரியும் மோதின. முந்தின வாரம் அவன் போன் செய்தான்.

"ஆர்டிஸம்மா, எங்க வீட்ல யாராலயும் வர முடியாது. எல்லாரும் நண்டு பிடிக்கக் கடலுக்குப் போயிட்டாங்க. வீட்டாளுங்க சீட்டு ரெண்டு சும்மா கிடக்கு. நீங்க வந்து உக்காருவீங்களா?"

"வராம இருப்பேனாடா?" என்றவள், போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "வெர்னா, அவங்கம்மா எடத்துல உக்காரப் போறேன்டி. அவனுக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாது."

"வாய மட்டும் வீட்லயே வெச்சிட்டு வா. அது போதும்."

"போடி, எனக்குத் தெரியாதா?"

எங்கள் அணியின் பச்சைச் சட்டையை விட்டுவிட்டு இருவரும் சாம்பல் கோட்டுப் போட்டுக்கொண்டு போனோம். கண்ணாடித் தடுப்பை ஒட்டி இரண்டாவது வரிசை, சுற்றிலும் அந்த அணிப் பையன்களின் அம்மா அப்பாக்கள். ஓர் அம்மா கோல்பியின் படம் போட்ட பட்டன் பேட்ஜைக் கொண்டுவந்து ஆர்டிஸின் நெஞ்சில் குத்திவிட்டாள். "நீங்கதான் அந்த சூப் அம்மாவா? கோல்பி வாயத் தொறந்தா உங்க பேச்சுதான்!" ஆர்டிஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டுக்கு இரண்டு. எங்கள் பையன்கள் போட்ட இரண்டு கோலுக்கும் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே சமாளித்திருந்தோம். ஆட்டம் முடிய ஆறு நிமிஷம். ஆர்டிஸ் உதட்டைக் கடித்தபடி கோல்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தாள், சத்தியமாக. அப்போது எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் அடித்த அடி கோல்பியின் கால்களுக்கு நடுவே நுழைந்து வலைக்குள் போனது.

ஆர்டிஸ் எழுந்து நின்றாள். விரல் நீண்டது. "சல்லடை! சல்லடை! தப்பு பூரா உன்னோடதுதான்!"

பாவி, நானும் கூடவே எழுந்து கத்தினேன். ஆனால் என் நெஞ்சில் பட்டன் இல்லை. பட்டன் குத்தியவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆர்டிஸ் தான் நீட்டிய விரலையே பார்த்தாள், பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். அவள் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கோல்பியின் அணி தோற்றது.

"வண்டிய எடு வெர்னா. அவன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?"

"அழைச்சவன்கிட்ட சொல்லிக்காம ஓடுவியா? நட!"

அவர்கள் அணி ஏறப்போகும் பஸ் பக்கம் வீட்டார் வரிசையில் கடைசியாக நின்றோம். ஒவ்வொருவனாக வந்து அம்மா தோளில் சாய்ந்து அழுதான். கோல்பி ஈரத்தலையோடு நேராக ஆர்டிஸிடம் வந்து கட்டிக்கொண்டான்.

"கோல்பி, நான் வந்து..."

"தெரியும், ஆர்டிஸம்மா."

"பாத்துட்டியா?"

"பாக்கல. தண்ணி குடிக்கக் குனிஞ்சிருந்தேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "ரெண்டு வருஷம் 'சாப்பிட வாடா'ன்னு மாடிப்படிக்குக் கீழ நின்னு கூப்பிட்ட குரலாச்சே. எத்தன பேர் கத்தினாலும் எனக்குத் தெரியாதா?"

அவன் பஸ்ஸில் ஏறினான். ஆர்டிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.