சோஹாரிலிருந்து துபாய்க்கு, மதுவின் ஒரு கேட்சுக்காக

மனைவியும் மகள் மதுவும் துபாயில் இருக்கிறார்கள். எனக்கு ஓமானில், சோஹாரில் தொழிற்சாலை டூட்டி. மது இரண்டு வருடமாகக் கல்லூரி அணியில் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறாள். அமெரிக்கன் ஃபுட்பால்தான், ஆளை இடித்துத் தள்ளுவதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் நாடாவை உருவ வேண்டும். ஒரு மேட்ச்கூட நான் நேரில் பார்த்ததில்லை. போன மாதம், இறுதிப்போட்டி என்றதும் காரை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 9.30க்குக் கிளம்பினேன். ஹத்தா எல்லைச் சாவடி வழியாக ஏறக்குறைய 220 கிலோமீட்டர். எல்லையில் நாற்பது நிமிடம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவரிடம், மகளின் மேட்சுக்குப் போகிறேன் என்றேன்.

"கிரிக்கெட்?"

"ஃபுட்பால்."

"மாஷா அல்லாஹ்! யல்லா, யல்லா," என்று சிரித்து, சீக்கிரம் போகச் சொல்லி அனுப்பினார். 12.45க்கு வீடு.

மேட்ச் நான்கு மணிக்கு, அனுமதி இலவசம். கடைசி நிமிடத்தில் மதுவின் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த மூலைக்கு நேராகப் பந்து வந்தது. மது பாய்ந்து, தரைக்கு மிக அருகில் பிடித்து விழுந்தாள். நடுவர் இரு கைகளையும் தூக்கினார். டச் டவுன், ஆறு புள்ளி! நான் எழுந்து கத்தினேன்.

எதிரணிப் பயிற்சியாளர் ரீப்ளே கேட்டார். இருந்தது ஒரே கேமரா, அதுவும் எதிர்ப்பக்கம். நடுவர்கள் மூன்று நிமிடம் டேப்லெட்டைப் பார்த்தார்கள். பிடிக்கும் முன் பந்து தரையில் பட்டதாம், பட்டால் கேட்ச் செல்லாது. டச் டவுன் ரத்து, ஆட்டமும் போயிற்று. நான் மைதானத்து ஓரக் கயிற்றைத் தாண்டி நடுவர்களிடம் போகப் பார்த்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க, பொண்ணு பாக்கறா."

மது வந்தாள். "டச் ஆச்சாப்பா? எனக்கே தெரியல."

"உன் விரல் பந்துக்கு அடியில இருந்துச்சும்மா. நான் பாத்தேன்."

"ஷ்யூரா?"

"சத்தியமா."

கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலை என் காதுவரை வந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? ஞாயிற்றுக்கிழமை டூட்டி. அன்று மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

போகிறவர்கள், காரின் இன்ஷூரன்ஸ் எல்லைக்கு அப்பாலும் செல்லுமா என்று முன்பே பாருங்கள். பெட்ரோலை சோஹாரிலேயே நிரப்புங்கள். திரும்பும்போது வெளியேறும் கட்டணம் 35 திர்ஹம் வாங்கினார்கள். மைதானத்தில் நிழல் கிடையாது, தொப்பி அவசியம்.

மறுநாள் மது அந்த ரீப்ளே வீடியோவை அனுப்பினாள். "இங்கருந்து பாத்தா படற மாதிரிதாம்பா இருக்கு." பதினோரு முறை பார்த்தேன். அப்படித்தான் தெரிகிறது.

"நான் உக்காந்த பக்கத்துல படலம்மா," என்று அனுப்பினேன்.

"அப்போ அடுத்த மேட்சுக்கும் அந்தப் பக்கமே வந்து உக்காருங்க."

லீவு கேட்டிருக்கிறேன்.