பாங்கு சொல்ல ஒரு வாய்

"பீடி நாத்தம் அடிக்கிற வாயி எம் புள்ள காதுகிட்ட வரக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றாள் என் மனைவி. ஏழாம் மாதம். பிரசவத்துக்காகச் செம்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். துணி மூட்டையை முடிந்தபடியே, என் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்.

எங்களில் குழந்தை பிறந்ததும் குளிப்பாட்டித் துடைத்துத் தகப்பன் கையில் கொடுப்பார்கள். அவன் அதன் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும், இடது காதில் இகாமத். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அதே சொற்கள்தான். உலகத்தில் அது கேட்கிற முதல் பேச்சு அதுவாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். தகப்பன் இல்லாவிட்டால் பாட்டனார் சொல்லலாம், தாய்மாமன் சொல்லலாம், குற்றமில்லை. அதைத்தான் அவளும் பிடித்துக்கொண்டாள். "பீடிய விட்டா நீங்க சொல்லுங்க. விடலையா, எங்க அத்தா சொல்லட்டும்."

கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து உண்டான பிள்ளை அது. நாங்கள் ஏறி இறங்காத தர்கா இல்லை. என்னை ஒரு மாதிரி பார்க்கிறவர்களெல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள். அப்படி வந்த பிள்ளையின் காதில் என் மாமனார் பாங்கு சொல்வதா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "விட்டாப் போச்சு, பெரிய பீடி!" என்று கத்தினேன். கத்திவிட்டு வாசலுக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்தேன். வேறென்ன செய்வது, அம்புட்டுக் கோபம்.

எனக்கு வேலை திண்டுக்கல்லில், பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல்ஷாப்பில். பதனிட்ட ஆட்டுத்தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. பக்கத்திலேயே சுண்ணாம்புக் குழிகள், ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகள், உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத்தோல். புதிதாக வருகிறவன் மத்தியானத்துக்குள் வாந்தி எடுப்பான். சாயங்காலம் பக்கத்தில் இருப்பவன் ஒரு பீடியை நீட்டுவான். அதோடு நாற்றம் போய்விடும். அதாவது மூக்கு போய்விடும். பீடி இல்லாத ஆள் ஷாப்பில் ஒருவரும் கிடையாது. நானும் அப்படித்தான் பிடித்தேன். பிறகு தோலும் வேண்டாம், நாற்றமும் வேண்டாம், பீடி மட்டும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அவள் போன கொஞ்ச நாளில் ரம்ஜான் பிறந்தது. அந்தக் காலத்தில் நோன்பு வெயில் நாட்களில் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கணக்குப் போட்டேன். நோன்பு பிடித்தால் விடிவதற்கு முன்பிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது, பீடிக்கு எங்கே போவது? பகல் முழுக்கச் சும்மா இருக்கிற வாய்க்கு, இருட்டிய பிறகு செத்த நேரம் இருக்க முடியாதா? ஒரு மாதம் இப்படி ஓட்டினால் பெருநாளன்று நான் பீடியை விட்டவன். இம்புட்டு லேசான வழி இருக்கும்போது ஏன் எல்லோரும் கஷ்டப்படுகிறார்கள் என்றுகூட நினைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பகல் லேசாகத்தான் போனது. கேட்கக் கூடாது என்று உடம்புக்குத் தெரியும், அது பேசாமல் கிடந்தது. ஆனால் அந்தி பாங்கு சொன்னதும், அல்லாவே! பேரீச்சம்பழம் தொண்டைக்குள் இறங்குவதற்குள் உள்ளே ஒருவன் எழுந்து உட்கார்ந்துகொண்டு, எங்கே, எங்கே என்பான். நோன்புக் கஞ்சியைக் குடித்ததும் பள்ளிவாசல் பக்கச் சுவரோரம் பீடிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். பகல் பூராவும் காத்திருந்த முதல் இழுப்பு. கண்ணை மூடி இழுப்பார்கள். அந்தப் புகை என் பக்கம் வரும். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் ஓடுவேன். போக இடம் ஏது? ரயிலடிவரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். என்னைப் பார்த்தவர்கள் ஊரிலிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கைதான் பெரிய தொல்லை. வாயைக்கூட அடக்கிவிடலாம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும், மறுபடி போகும். அதற்காகப் புளியங்கொட்டையை வறுத்துப் பை நிறைய வைத்துக்கொண்டேன். நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும்வரை கடக்கு கடக்கென்று கடிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன பாய், ராத்திரில வீட்டுக்குள்ள எலியா?" என்று கேட்டார். எலிதான் என்றேன்.

எப்படியோ ஒரு மாதத்தைத் தள்ளிவிட்டேன். பெருநாள் தொழுகை முடித்துச் செம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். என் மனைவி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் என்னை இழுத்து நிறுத்தி, "ஊதுங்க" என்றாள்.

"என்ன?"

"வாயத் தொறந்து ஊதுங்க."

ஊதினேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே முகர்ந்தாள். முகம் விரிந்தது. எனக்கு அட்டிகை போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு மச்சினன் இருந்த திசையையே நான் பார்க்கவில்லை. அவன் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் பையில் துருத்தித் தெரிய நடக்கிறவன்.

மறுநாள் திண்டுக்கல்லில், டீக்கடை பெஞ்சில், டீ கையில். நோன்பு கிடையாது, தடுக்க ஒன்றும் கிடையாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் பீடியை விடவே இல்லை. பகல் பகலாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு மாதத்துக் காலையும் ஒரு மாதத்து மத்தியானமும் ஒன்றாகச் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்தன. டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டேன். கடைக்காரரிடம் சண்டை போட்டேன். டீயில் சர்க்கரை தூக்கல் என்றேன், கிளாஸ் அழுக்கு என்றேன். பாவம், நல்ல மனுஷர்.

அதனால் மறுநாளிலிருந்து மறுபடி நோன்பைப் பிடித்துக்கொண்டேன். பெருநாளுக்கு அப்புறம் ஆறு நோன்பு பிடிக்கிற வழக்கம் உண்டு, விரும்பியவர்கள் பிடிப்பார்கள். எனக்கு அது நல்ல சாக்காகிவிட்டது. ஆறும் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. "என்ன மாப்ளே, ரெண்டாவது ரம்ஜானா?" என்று ஷாப்பில் கேலி செய்தார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டை தொளதொளவென்று தொங்கியது.

வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு, செம்பட்டிக்குப் போவேன். இரண்டு தடவை ஏதோ சொல்லிச் சமாளித்துச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மூன்றாவது தடவை அவள் விடவில்லை. சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள். நோன்பு என்றேன்.

"என்ன நோன்பு இது? ஆரு சொன்னா?"

நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவள் என் முகத்தையே செத்த நேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இந்த நோன்பு அல்லாவுக்கா, பீடிக்கா? பீடிக்குப் பயந்துக்கிட்டு நோன்புக்குள்ள போயி ஒளிஞ்சு கெடக்கீங்களாக்கும்! தின்னுங்க. வயிறு நெறைய தின்னுட்டு, வெத்து வாயோட உக்காந்திருங்க. அதுக்குப் பேருதான் விடுறது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். மாமனார் வீடாகப் போய்விட்டது. ஒளிந்துகொண்டிருந்தது உண்மை என்பதால்தான் அத்தனை ஆத்திரம். சாப்பிட்டேன். கறிக்குழம்பு, தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகக் கத்தரிக்காய். கடைசிக் கவளம் உள்ளே போனதும் நரகம் ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்த வாய் பீடி கேட்கிற மாதிரி உலகத்தில் வேறெதுவும் எதையும் கேட்காது. மாமனாரின் தென்னந்தோப்புக்குள் போய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், "எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.

அதற்கப்புறம் ஒளிய இடம் இல்லை. தினமும் சாப்பிட்டேன், தினமும் டீ குடித்தேன், ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தேன். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இது போதாதென்று மூக்கு திரும்பி வந்தது. ஒருநாள் காலை ஷாப்புக்குள் நுழைந்ததும் பச்சைத்தோல் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "பொண்டாட்டி செம்பட்டியில, மசக்கை இங்கிட்டா!" என்று ஒருவன் சொல்ல, குழிக்குள் நின்றவர்கள்வரை சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "ஒண்ணப் பத்த வைப்பா. சரியாப் போயிரும். இப்படி ஓங்கரிச்சுக்கிட்டு இருந்தா எப்படி வேலை ஓடும்?" என்று தன் பீடியையே நீட்டினார். வேண்டாம் முதலாளி என்று சொல்வதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வாய் நிறையப் புளியங்கொட்டையோடு தோல்களைப் புரட்டினேன். அந்த நாட்களில் எனக்குப் பிள்ளைமேல் ஆசையா கோபமா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வலி கண்டிருக்கிறது என்று செம்பட்டி ஆள் ஒருவர் வந்து சொன்னபோது காலை பத்து மணி இருக்கும். கட்டிய துண்டோடு பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஒருவர், பின் சீட்டில் ஒருவர், இரண்டு பேரும் ஊதித் தள்ளினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மருத்துவச்சியும் மாமியாரும். வெளியே மாமனார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பாங்கு சொல்ல அவர் தயாராக இருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. சலவைச் சட்டை வேறு போட்டிருந்தார்.

உள்ளேயிருந்து அவள் கத்தினாள். என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முற்றத்துக்கும் கிணற்றுக்குமாக நடந்தேன். புளியங்கொட்டை தீர்ந்துவிட்டது. பல்லுக்குப் பல்லே மிச்சம். அப்போதுதான் மச்சினன் கிணற்றடிக்கு வந்து என் கையைப் பிடித்து ஒரு பீடியைத் திணித்தான்.

"ஒரு இழுப்பு இழுங்க மச்சான். ஒங்களப் பாக்கவே முடியல. ஆரு பாக்கப்போறா?"

வாங்கிக்கொண்டேன். எத்தனையோ நாளுக்கப்புறம் விரலுக்கு நடுவே அந்தக் கனம். கனம் என்று ஒன்று கிடையாது, ஆனாலும் கை அதை உணர்ந்தது, உடனே அமைதியாகிவிட்டது. தீப்பெட்டியை நீட்டினான். மூக்குக்குக் கீழே பிடித்து இலையை முகர்ந்தேன். உள்ளே அவள் இன்னொரு தடவை கத்தினாள், என் பெயரைச் சொல்லி அல்ல, அல்லாவின் பெயரைச் சொல்லி. "இருடா, செத்த நேரம் கழிச்சு" என்றேன். செத்த நேரம், செத்த நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி நடந்தேன். எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

"பொம்பளப்புள்ள" என்று கதவைத் திறந்தாள் மருத்துவச்சி. "பெத்தவ தகப்பன உள்ள வரச் சொல்றா. தன் கண்ணு முன்னால பாங்கு சொல்லணுமாம்."

மாமனார் எழுந்தார், என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனேன். பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். என் மனைவி வெளுத்துப்போய், தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தாள். பெருநாளன்று போல ஊதச் சொல்லிக் கேட்கப்போகிறாள் என்று நான் வாயைத் திறந்து அவள் பக்கம் குனிந்தேன். அவள் கேட்கவில்லை. என் முகத்துப் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் வலது காதுக்கு வாயைக் கொண்டுபோனேன். அப்போதுதான் அதன் தலை வாசனை மூக்கில் ஏறியது. பாலும் வெந்நீருமாக, சூடாக, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாசனை. போன வருடத்து மூக்குக்கு அது தெரிந்தே இருக்காது. உடைந்த குரலில் பாங்கைச் சொல்லி முடித்தேன்.

நிமிர்ந்தபோது அவள் கை மெதுவாக என் தலைக்கு வந்தது. முடியைக் கோதப்போகிறாள் என்று நினைத்தேன். என் வலது காதின் இடுக்கிலிருந்து ஒரு பீடியை உருவினாள். மச்சினன் கொடுத்தது. எப்போது அங்கே செருகினேன்? பழைய கை, பழைய பழக்கம், நடக்கிற நடையில் செருகிவிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டா பாங்கு சொன்னேன்! எனக்கு உயிரே போய்விட்டது. "சத்தியமா நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் பீடியின் முனையைப் பார்த்தாள். கருகாத முனை. அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"தெரியும்" என்றாள். "எடது காது பாக்கி இருக்கு. சொல்லுங்க."